இரைச்சல் அடங்கும் இடம்

சவப்பெட்டிக்குள் கிட்டார் அடங்கவில்லை. காதிங்ஸ் அதை முதலில் ரமோனாவின் இடது கைப் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். கழுத்து மூடியில் இடித்தது. பிறகு கால்மாட்டிலிருந்து மேல்நோக்கிச் செருகினார். வெள்ளைப் பட்டு விரிப்பு சுருங்கியது. அதை நீவிவிட்டு, கொஞ்சம் பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அடக்கக் காரியம் நடத்துவதுதான் அவர் குடும்பத்துக்குப் பரம்பரைத் தொழில். எந்தப் பொருளையும் எந்தப் பெட்டிக்குள்ளும் வைத்துவிடுவார் என்று ஊரில் பெயர். தூண்டில் கம்பு, டிராக்டர் சாவி, ஒருமுறை டொமினோ ஆடும் ஒரு மேசை.

“இதுதானே தம்பி, அவங்க வாசிச்சது?”

“இதுதான்.”

“புதுசாட்டம் இருக்கு.”

“நல்லா வச்சிருந்தா.”

ஆல்டன் காலி உறையை மார்போடு பிடித்தபடி நின்றான். சிவப்புக் கிட்டாரின் பளபளப்பில் கூரையின் குழல்விளக்கு நீளமாக விழுந்திருந்தது. பக்கத்தில் ரமோனாவின் கை. நகங்களுக்குச் சாயம் போட்டிருந்தார்கள். விரல்நுனிகளில் ஏதோ மாவு பூசியிருந்தார்கள். அப்படியும் இடது கைக் காய்ப்புகள் மறையவில்லை. கம்பி அழுத்தி அழுத்தி வந்தவை.

காதிங்ஸ் பூசும் தூரிகையை எடுத்தார்.

“அதை அப்படியே விட்டுடுங்க,” என்றான் ஆல்டன்.

“எதை?”

“விரலை.”

செவ்வாய்க்கிழமை காலையில் ரமோனா மளிகைக் கடை வாசலில் விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்து நாலு வயது. ஆல்டன் அப்போது பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தான். கதவுக் கண்ணாடியில் தலைமையாசிரியரின் முகம் தெரிந்ததும் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல நடந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டான். பூ என்ன நிறம் என்று கேட்டார்கள், சொன்னான். மாமியார் அர்லீதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவ கிட்டாரைக் கூடவே அனுப்பிடு கண்ணு. அது இல்லாம அவ எங்கே போனா?”

சரி என்றான். அன்றே வீட்டுக்கு வந்து, ரமோனாவின் கிட்டாரை அவள் கட்டம்போட்ட சட்டையில் சுற்றி, முன்னறைச் சோபாவுக்குப் பின்னால் வைத்தான். யாரிடமிருந்து மறைத்தான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. பிறகு அலமாரியைத் திறந்து, தான் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கிட்டாரை எடுத்தான்.

சோபாவுக்குப் பின்னால் இருந்ததை ரமோனா பதினாறு வயதில் அடகுக் கடையில் எடுத்தாள். ஒரு காலத்தில் தபாலில் வரவழைத்த மலிவுச் சரக்கு. உள்ளே வெறும் கூடு. மேலே மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. ஓரத்தில் பிய்ந்த இடத்தில் கறுப்பு டேப். கம்பிக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் காந்தம், பிக்கப் என்பார்கள், அது ஒன்றே ஒன்றுதான். அதே விலைக்கு அதே சுவரில் இதைவிட நல்லது ஒன்று தொங்கியதாம். கடைக்காரரே அதை எடுக்கச் சொன்னாராம். அவள் இரண்டையும் தட்டிப் பார்த்தாள்.

“நல்லது பேசிக்கிட்டே இருந்துச்சு. இது சொல்லிட்டு வாயை மூடிக்கிச்சு,” என்றாள் ஆல்டனிடம், கல்யாணத்துக்கு முன்னால், ஏன் இதை எடுத்தாய் என்று அவன் கேட்டபோது. அவளும் அப்படிப் பேசுகிறவள்தான்.

அதில் சுரம் நிற்காது. பலகையில் கூழாங்கல் விழுந்த மாதிரி ஒரு ‘டொக்’, சுற்றிலும் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு சுரத்தை இழுத்து இழுத்து அழ வைப்பார்கள். அவளால் அது முடியாது, கிட்டார் விடாது. அதனால் அவள் ஒன்றைத் தட்டுவாள், அது அடங்கும்வரை சும்மா இருப்பாள், அந்த இடைவெளியில் ஒரு வரி பாடுவாள், அல்லது பாடாமல் விடுவாள். பாடாமல் விடும் இடங்களில் கூட்டம் மூச்சுப் பிடித்திருக்கும். மிசிசிப்பி டெல்டாவில் கிட்டார் வாசிக்காத குடும்பம் குறைவு. காரில் போகிறவன்கூட இரண்டு தட்டலில் இது ரமோனா என்று சொல்லிவிடுவான்.

ஆல்டன் ஒரு கோடை விடுமுறை முழுக்க வகுப்பு எடுத்து அந்தச் சிவப்பை வாங்கினான். முழு மரத்தில் கடைந்தது. கனம். இரைச்சலே வராத ஜோடிப் பிக்கப் என்று கடையில் சொன்னார்கள். ரமோனா ஒரு மணி நேரம் வாசித்தாள். அவளே தனக்குத் தெரியாத ஒருத்தியோடு பேசுவது போலிருந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள். கொஞ்சம் கழித்து, “இதுல சத்தம் சாகவே மாட்டேங்குது, ஆல்டன்.”

“அது நல்லதுதானே?”

“செத்தாத்தானே நான் அடுத்ததைச் சொல்ல முடியும்?”

அவன் முகத்தைப் பார்த்திருப்பாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து வந்ததும் அந்தச் சிவப்பை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, திரும்ப வைப்பாள். வாசிக்கவில்லை. விற்கவும் இல்லை.

மாலையில் காதிங்ஸின் கூடத்துக்கு ஊர் வந்து பார்த்தது. வாசலில் சர்ச்சுப் பெண்கள் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நின்று ஆளுக்கொரு காகித விசிறி கொடுத்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. குனிந்து பார்த்தவர்கள் ஆல்டனின் கையைப் பிடித்தார்கள். தோளைத் தட்டினார்கள். சிலர் கிட்டாரைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமைகளில் ரமோனா வாசிக்கும் தகரக் கூரை மதுக்கடையிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கடைசியில மூஞ்சியைக் காட்டிட்டா பாரு.”

“வாயை மூடுடி. புருஷன் நிக்கிறான்.”

“நான் என்ன தப்பாச் சொன்னேன்? வருஷக்கணக்கா முதுகைத்தானே பாத்தோம்.”

அது உண்மை. அந்தக் கடையில் அவள் கூட்டத்துக்கு முக்கால் முதுகு காட்டி, பீர் பெட்டியைப் பார்த்துத்தான் நிற்பாள். “திரும்பு ரமோனா! காசு கொடுத்தது பின்பக்கத்துக்கா?” என்று கத்துவார்கள். “அதுக்கே நீ கொடுத்தது பத்தாது,” என்பாள் திரும்பாமல். ஏன் அப்படி நிற்கிறாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கூச்சம் என்றார்கள். திமிர் என்றார்கள். அர்லீதாவுக்கு அது ஞானஸ்நானம் வாங்கிய பெண்ணின் வெட்கம். பிசாசின் வீட்டுக்குப் போனாலும் என் மகள் அதற்கு முகம் கொடுக்கவில்லை என்பாள்.

ஆல்டனும் ஒரு காரணம் வைத்திருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் அவள் அப்படித்தான். அவன் சமையலறை மேசையில் விடைத்தாள் திருத்துவான். அவள் முன்னறையில் முக்காலி போட்டு, அவனுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து வாசிப்பாள். ஜன்னலில் தண்ணீர்த் தொட்டியும் அறுத்துப்போட்ட பருத்தி வயலும் தவிர ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அவள் எங்கோ போய்விடுகிறாள், அங்கே தனக்கு இடமில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். கோபமெல்லாம் இல்லை. முதுகைப் பார்த்தபடி திருத்துவான். இப்போது அந்த முதுகுகூட இல்லை.

முதல் வரிசையில் அகலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அர்லீதா பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். போய் உட்கார்ந்தான்.

“அழகா இருக்கு கண்ணு, அந்தச் சிவப்பு.”

“ம்.”

“நான் அந்தக் கடைக்குள்ள ஒருநாளும் கால் வச்சதில்ல. உனக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“உள்ளேதான் போகல.” விசிறியை மடியில் வைத்தாள். “ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி விட்டுட்டு உக்காந்திருப்பேன். எந்தச் சனிக்கிழமையும் விட்டதில்ல. அவகிட்ட சொல்லல. பாஸ்டர்கிட்டயும் சொல்லல.”

ஆல்டன் அவளைப் பார்த்தான். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சத்தம் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். ஆனா அது எதுல இருந்து வருதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன். இதுல இருந்தா வந்துச்சு?”

விசிறிகள் அசையும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆமாம்மா.”

“நல்லா இருக்கட்டும்,” என்று அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

ஆம்பிளைகள் வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் இருந்தார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஹோரஸ் தன் வண்டியின் பின்பலகையில் கால் தொங்கப்போட்டு, காகிதப் பைக்குள் இருந்த சீசாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பகலில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் ரமோனாவுக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம் என்பதால் ஆல்டன் அவருக்கு எப்போதும் வாத்தியார்.

“வாத்தியாரே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“உள்ளே அவ பக்கத்துல படுத்திருக்கிறது யாரு?”

ஹோரஸ் மறுபடி சீசாவைச் சாய்த்தார்.

“இல்ல, வேற எவளோட புருஷனோ மாதிரி இருக்கான். முடி வெட்டி, சவரம் பண்ணி, பளபளன்னு.”

ஆல்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. வந்த வேகத்தில் போனது. ஹோரஸ் பையை நீட்டினார். ஒரு வாய் குடித்தான்.

“பழசு எங்கே?”

“வீட்ல.”

“வாசிக்கக் கத்துக்கப் போறியா?”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“பின்னே?”

“அது போயிட்டா…” ஆல்டன் நிறுத்தினான். ஹோரஸ் காத்திருந்தார்.

“உண்மையைச் சொல்லிடறேன்,” என்றார் ஹோரஸ். “அதை எனக்குக் கொடுன்னு கேக்கத்தான் வந்தேன். நாலு நாளா வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ளே போய் அந்தச் சிவப்பு மாப்பிள்ளையைப் பாத்தேன். கேக்கத் தோணல.”

“உங்ககிட்ட கொடுத்தா அவ சத்தம் வருமா?”

ஹோரஸ் சீசாவின் மூடியைத் திருகினார். மறுபடி திறந்தார்.

“பாதி வரும். அந்தக் கிட்டார்ல எவன் தட்டினாலும் கொஞ்சம் ரமோனா வரத்தான் செய்யும். அந்தப் பாதியைக் கேட்டுக்கிட்டு மீதி எங்கேன்னு என்னால உக்காந்திருக்க முடியாது. உன்னால முடியுமா?”

ஆல்டன் ரோட்டைப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி எதுவும் நிற்கவில்லை.

“நாளைக்குச் சர்ச்சுல மூடியைச் சாத்துற வரைக்கும் நேரம் இருக்கு வாத்தி. அப்புறம் காதிங்ஸ் கால்ல விழுந்தாலும் திறக்க மாட்டார்.”

காலையில் கறுப்புக் கோட்டைப் போட்டு, டை கட்டி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். குடும்பத்தை ஏற்றிப்போகும் நீளக் கார் வர இன்னும் நேரம் இருந்தது. மேசையில் திருத்தாத விடைத்தாள்கள் அப்படியே கிடந்தன. முன்னறையில் முக்காலி. அதன் பக்கத்தில் பழைய ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும், பழுப்புத் துணி போர்த்த சின்னப் பெட்டி.

எழுந்துபோய் சோபாவை நகர்த்தினான். சட்டையைப் பிரித்தான். காகிதம் மாதிரி எடை. ரமோனாவின் எந்தப் பொருளையும் கேட்டுத் தொடுவான். இதை மட்டும் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். ஒயரைச் செருகி, ஆம்பின் பொத்தானைப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்தான். இயல்பாக, அறைக்கு முகம் கொடுத்து. சமையலறை வாசல், மேசை, தன்னுடைய நாற்காலி எல்லாம் நேர் எதிரே தெரிந்தன. தூசி சூடாகும் வாசனை வந்தது. அது அவள் வீட்டில் இருக்கும் மாலைகளின் வாசனை.

பிறகு இரைச்சல் வந்தது.

பருத்தி ஆலை ஓடுவது போல ஒரே சீராக, பெரிதாக. ஆல்டன் பயந்துபோனான். எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்தான். இந்த வீட்டில் இத்தனை வருஷமாக இந்த இரைச்சலை அவன் கேட்டதில்லை. அவள் வாசிக்கும்போது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. ஒயரை அசைத்துப் பார்த்தான். குறையவில்லை. சத்தத்தைக் குறைக்கும் திருகைத் தொட ஆம்ப் பக்கம் சாய்ந்தான். இரைச்சல் தானாக இளைத்தது. நிமிர்ந்தான். மறுபடி ஏறியது.

திருகை விட்டுவிட்டான். முக்காலியோடு கொஞ்சம் திரும்பினான். இரைச்சல் இளைத்தது. இன்னும் கொஞ்சம். இன்னும். சுவர், காலண்டர், சோபாவின் முனை, ஜன்னலின் சட்டம். அவன் முகம் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வந்தபோது இரைச்சல் அணைந்தது. அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை போனால் எழுந்தது. இந்தப் பக்கம் வந்தாலும் எழுந்தது. அந்த ஒரு இடத்தில்தான் இல்லை.

அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே அவள் எப்போதும் பார்த்த ஜன்னல். தண்ணீர்த் தொட்டி. வயல்.

கட்டைவிரலால் ஒரு கம்பியைத் தட்டினான். டொக். அடங்கியது. அடங்கிய பிறகு வீடு கேட்டது. முதுகுக்குப் பின்னால் சமையலறையில் குழாய் சொட்டியது. மேசையில் ஒரு விடைத்தாள் காற்றில் புரண்டது. அந்த மேசையில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தால் இங்கே கேட்கும். நாற்காலியில் சாய்ந்தால் கேட்கும். பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை தட்டினான்.

வெளியே கார் வந்து நின்றது. ஹார்ன் அடிக்காமல், காதிங்ஸின் ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஆல்டன் ஆம்பை அணைத்தான். கிட்டாரைச் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பின்னிருக்கையில் அர்லீதா இருந்தாள். அவன் மடியில் இருப்பதைப் பார்த்தாள்.

“என்னது கண்ணு?”

சட்டையின் ஒரு பக்கத்தை விலக்கினான். பிய்ந்த ஓரம், கறுப்பு டேப்.

“இதுதான் அது.”

“எது?”

“நீங்க வண்டியில உக்காந்து கேட்டது.”

கார் கிளம்பியது. கெளுத்தி மீன் குளங்கள் வெயிலில் தகரம் போலக் கடந்தன. அர்லீதா டேப் ஒட்டிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அப்ப அந்தச் சிவப்பு?”

“நான் வாங்கிக் கொடுத்தது. அவ வாசிக்கல.”

“நேத்து நான் கேட்டதுக்கு ஆமான்னியே.”

“ஆமாம்மா.”

கையுறை போட்ட விரலால் ஒரு கம்பியைத் தொட்டாள். ஆம்ப் இல்லாமல், காருக்குள் அது சரியாகக் கேட்கக்கூட இல்லை. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள்.

“இவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தான். சிரிக்கத்தான் செய்தாள். தொப்பியின் விளிம்பு நடுங்கியது. “அடியம்மா, எத்தனை அசிங்கம்.”

கிட்டாரின் ஒரு பக்கத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். சர்ச் வரும்வரை இருவர் மடியிலுமாக அது போனது.

காதிங்ஸ் எதுவும் கேட்கவில்லை. சிவப்பை எடுத்து ஹோரஸ் கையில் கொடுத்தார். பழசும் ஒன்றும் லேசில் பொருந்தவில்லை. அதற்கும் கழுத்து இடித்தது. கடைசியில் ரமோனாவின் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தி, கழுத்தை அதன் அடியில் கொடுத்தார். விரல்கள் கம்பியின் மேல் விழுந்தன. காய்ப்புகள் அப்படியே இருந்தன. ஆல்டன் தலையசைத்ததும் மூடியைச் சாத்தினார்.

கல்லறையிலிருந்து வந்து சர்ச்சின் பின்கூடத்தில் சாப்பாடு. பொரித்த மீன், ஸ்பகெட்டி, கேக். யார் யாரோ சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டான் என்றுதான் நினைக்கிறான். கிளம்பும்போது அர்லீதா ஒரு தட்டில் எல்லாவற்றையும் அள்ளி, அலுமினியத் தாள் மூடிக் கொடுத்தாள். வாசலில் ஹோரஸ் நின்றுகொண்டிருந்தார், கையில் கிட்டார் உறை.

“இந்தா வாத்தியாரே. இந்த ஆளையும் கூட்டிட்டுப் போ. போக்கிடம் இல்லாம நிக்கிறான்.”

வீட்டில் பிற்பகல் வெயில் முன்னறைத் தரையில் கிடந்தது. ஆல்டன் தட்டை மேசையில், விடைத்தாள்களின் மேலேயே வைத்தான். கோட்டைக் கழற்றவில்லை. உறையைத் திறந்து சிவப்புக் கிட்டாரை எடுத்து, ஒயரைச் செருகி, ஆம்பைப் போட்டான். தூசி சூடாகும் வாசனை வந்தது. இரைச்சல் வரவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இல்லை. சுவர்ப் பக்கம், கதவுப் பக்கம், எங்கேயும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்து உட்காரலாம்.

முக்காலியை நகர்த்தி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான்.

கட்டைவிரலால் ஒரு கம்பியைத் தட்டினான். சுரம் எழுந்து நின்றது. மெல்ல மெல்லத்தான் குறைந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பறவை வந்து உட்கார்ந்து, திரும்பிப் பறந்துபோன பிறகும் அது எங்கோ இருந்தது. முதுகுக்குப் பின்னால் குழாய் சொட்டியது. ஆல்டன் கையைக் கம்பியின் மேல் வைக்கவில்லை.